படகில் ஒரு குடம் தண்ணீர்

பழவேற்காட்டைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் இரண்டு செய்திகளைச் சொல்லுவார்கள். ஒன்று, 1613-ஆம் ஆண்டில் எழுந்த டச்சுக்காரரின் கெல்டிரியா கோட்டை. மற்றொன்று, குளிர்காலத்தில் ஏரியில் வந்து இறங்கும் பூநாரைகள். இவ்விரண்டையும் இன்று விட்டுவிட்டு, ஒரு குடம் தண்ணீரைப் பற்றிப் பேசலாமென்று வந்திருக்கிறேன். பாய்மரப் படகில் சில நாட்களோ சில மாதங்களோ தங்க நேரும் பெண்கள், அங்கே குடித்தனம் நடத்துவதும் உடம்பைப் பேணிக்கொள்வதும் எங்ஙனம் என்பதே என் பொருள்.

"இது நமக்கு எதற்கு?" என்று மாணவியர் சிலர் நினைக்கக்கூடும். புதுச்சேரியைச் சேர்ந்த ரூபா அழகிரிசாமி என்னும் கடற்படை அதிகாரி, தில்னா என்னும் மற்றோர் அதிகாரியுடன் 'தாரிணி' என்ற பாய்மரப் படகில் ஏறி, 2024 அக்டோபர் 2-ஆம் நாள் கோவாவிலிருந்து புறப்பட்டார். உலகைச் சுற்றிவிட்டு 2025 மே 29-ஆம் நாள் இருவரும் கோவாவுக்குத் திரும்பினர். மாலுமிகளும் அவர்களே, சமையற்காரர்களும் அவர்களே. அதற்கு முன்பே, 2017-18-இல் அதே படகில் ஆறு பெண் அதிகாரிகள் உலகை வலம் வந்திருக்கிறார்கள். நாளைக்கு உங்களில் ஒருத்தி போகமாட்டாள் என்று யார் சொல்ல முடியும்?

நான் கற்றுக்கொண்டதோ கடலில் அன்று; பழவேற்காட்டு ஏரியில். 2008-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம், பறவைகளைக் காண்பதற்காக எங்கள் கல்லூரி மாணவியர் சிலரை அழைத்துச் சென்றிருந்தேன். பாய் கட்டிய மரப்படகு. செலுத்தியவர் ஒரு மீனவ இளைஞர். துணைக்கு அவருடைய தாயாரும் வந்திருந்தார். நண்பகலுக்குள் கரை திரும்புவதாக ஏற்பாடு. ஆனால் காற்று அடங்கிவிட்டது. பாய் துவண்டு தொங்க, அந்த இளைஞர் கழியை ஊன்றித் தள்ளித் தள்ளிப் படகை நகர்த்தினார். ஏரி ஆழமில்லாதது, கழி எட்டும். ஆயினும் மூன்று மணி நேரம் கூடுதலாயிற்று. அதற்குள் ஒரு பெண் மயங்கிச் சாய்ந்துவிட்டாள்.

வெயிலின் கொடுமையென்றுதான் முதலில் நினைத்தேன். விசாரித்தபோது, அவள் விடியற்காலை முதல் ஒரு வாய்த் தண்ணீரும் அருந்தவில்லை என்று தெரிந்தது. கையில் தண்ணீர் இல்லாமலில்லை. குடித்தால் ஒதுங்க இடம் வேண்டுமே என்ற அச்சம். மற்றவர்களைக் கேட்டேன், ஏறக்குறைய எல்லோரும் அதே விரதந்தான். உண்மையைச் சொல்வதானால், நானும் அப்படியே.

அந்த மூதாட்டி சிரித்துவிட்டார். "ஏன் டீச்சரம்மா, நீங்க குடிக்காம இருந்தா ஏரி என்ன நெறஞ்சிடவா போவுது? நாங்களும் ஒரு காலத்துல இப்படித்தான் இருந்தோம். நீர்க்கடுப்பு வந்து நாலு நாளு கெடந்தப்புறந்தான் புத்தி வந்துச்சு" என்றார். பிறகு தம் பையிலிருந்து ஒரு பழஞ்சேலையை எடுத்தார். பாய்க்கு முன்புறம், படகின் முனைப்பக்கத்தில், இரண்டு கழிகளுக்கு நடுவே அதனைத் திரையாகக் கட்டினார். கயிறு கட்டிய வாளி ஒன்றை உள்ளே வைத்தார். "டேய், பார்வைய அந்தாண்ட வை" என்று மகனுக்கு ஓர் ஆணை. அவ்வளவுதான், காரியம் முடிந்தது. ஒரு பழஞ்சேலையும் ஒரு வாளியும் இல்லாமையால் படித்த பெண்கள் பத்துப் பேர் நாவறண்டு கிடந்தோம்!

பழவேற்காட்டுப் பெண்கள் படகிலேயே குடியிருப்பவர்கள் அல்லர். ஆனால் தண்ணீரோடு உழல்பவர்கள். இருளர் குலப் பெண்கள் மார்பளவு நீரில் அமர்ந்தும் தவழ்ந்தும் கையாலேயே இறால் பிடிக்கிறார்கள். பனையோலைப் பறியைக் கழுத்தில் கட்டிக்கொண்டோ பல்லால் கடித்துக்கொண்டோ மணிக்கணக்கில் வேலை செய்கிறார்கள். உப்பும் ஈரமும் உடம்பை என்ன செய்யும் என்பதை அவர்களைவிட அறிந்தவர் யார்? அந்த ஏரியில் மழைக்காலத்துக்குப் பின் உப்பு குறைந்திருக்கும். கோடையிலோ கடலையும் மிஞ்சும். எக்காலத்திலும் அது குடிப்பதற்கு ஆகாது.

கடல்நீரில் லிட்டருக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்பு உண்டு. அதைக் குடித்தால், அந்த உப்பை வெளியேற்றுவதற்குச் சிறுநீரகம் குடித்ததைவிட அதிகமான நீரைச் செலவிட வேண்டியிருக்கும். தாகம் தணிவதற்கு மாறாக உடம்பு வற்றும். ஆகவே படகில் ஏறுமுன் போடவேண்டிய முதற்கணக்கு நன்னீர்க் கணக்கு. குடிக்கவும் சமைக்கவுமாக ஒருவருக்கு நாள் ஒன்றுக்கு 4 லிட்டர் வைத்துக்கொள்ளுங்கள். இருவர் மூன்று நாள் போவதென்றால் 24 லிட்டர். காற்று நம் சொற்படி கேட்பதில்லையாதலால் மேலும் பாதி சேர்த்து 36 லிட்டர். இதனை ஒரே பாத்திரத்தில் வைக்கலாகாது. ஒன்று ஒழுகினாலும் மற்றது இருக்கட்டும். பெரிய படகுகளில் கடல்நீரை நன்னீராக்கும் இயந்திரம் உண்டு என்பீர்கள். இயந்திரம் பழுதாவதும் உண்டு.

சிக்கனம் செய்யவேண்டியது குடிநீரில் அன்று, மற்றவற்றில். பாத்திரங்களைக் கரையை விட்டு விலகிய தூய கடல்நீரில் தேய்த்துக் கழுவி, கடைசியில் சிறிது நன்னீர் விட்டு அலசினால் போதும். சோறு வடிக்க நான்கில் ஒரு பங்கு கடல்நீர் கலந்தால் உப்புப் போடும் வேலை மிச்சம். ஆனால் ஊரோரத்து ஏரிநீரையோ துறைமுகத்து நீரையோ ஒருபோதும் உலையில் ஊற்றாதீர்கள்.

சாதாரண சோப்பு கடல்நீரில் நுரைக்காமல் திரிந்துபோகும். தேங்காயெண்ணெயில் செய்த சோப்பு அங்கேயும் நுரைக்கும். நம் நாட்டுத் தென்னைக்கு இப்படியும் ஒரு பெருமை! ஆனால் கடல்நீரில் குளித்து அப்படியே உலர்ந்துவிட்டால், உப்பு தோலில் படிந்து அரிக்கும். மடிப்பு விழும் இடங்களில் புண்ணாகும். உலர்வதற்கு முன், ஒரு தம்ளர் நன்னீரில் துணியை நனைத்து உடம்பு முழுவதும் துடைத்துவிட வேண்டும். துணிகளுக்கும் இதே விதி. கடல்நீரில் மட்டும் அலசிய துணி உலர்ந்தாற்போலத் தோன்றும். இரவில் காற்றின் ஈரத்தை இழுத்து மறுபடியும் சொதசொதவென்று ஆகிவிடும். உடுத்துவதற்கும் படுப்பதற்கும் உரிய ஒரு தொகுதியை இறுக மூடிய பையில் எப்பொழுதும் உலர்ந்ததாகவே வைத்திருங்கள். எவ்வளவு நனைந்தாலும் உலர்ந்த படுக்கை ஒன்று காத்திருக்கிறது என்ற எண்ணமே பாதி ஆறுதல்.

கூந்தலை எண்ணெய் தடவி இறுகப் பின்னி, துணியால் கட்டிவிடுங்கள். பறக்கும் கூந்தலும் முந்தானையும் கயிற்றில் சிக்கினால் அழகு போவது மட்டுமன்று, ஆபத்து. மிதவைச் சட்டையோ மேலாடைக்கு மேலாடை. 2011 டிசம்பர் 25-ஆம் நாள் இதே பழவேற்காட்டில் உல்லாசப் பயணம் வந்தவர்களின் படகு கவிழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். 2008-இல் நாங்கள் ஒருவரும் மிதவைச் சட்டை அணிந்திருக்கவில்லை என்பதை நினைத்தால் இப்பொழுதும் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

சமையலறைக்கு வருவோம். படகு ஆடும்போது அடுப்பும் ஆடாதிருக்க, அதைத் தொட்டில்போல் அச்சில் தொங்கவிட்டிருப்பார்கள். ஆழமான பாத்திரத்தைப் பாதிக்கு மேல் நிரப்பாதீர்கள். சமைப்பவளையும் ஓர் இடுப்புப் பட்டையால் பிணைத்துக்கொள்வது நல்லது. எரிவாயு அடுப்பாயின் இன்னும் ஓர் எச்சரிக்கை. அந்த வாயு காற்றைவிடக் கனமானது. வீட்டில் கசிந்தால் கதவைத் திறந்து போக்கலாம். படகில் கசிந்தால் அது அடிவயிற்றில் குளம்போலத் தேங்கி, ஒரு பொறிக்காகக் காத்திருக்கும். எனவே ஒவ்வொரு முறையும் சமைத்து முடித்தவுடன் உருளையிலேயே திருகி மூடிவிட வேண்டும். தலைசுற்றலும் குமட்டலும் வந்தால் அடுப்படியை விட்டு மேலே வந்து தொடுவானத்தைப் பாருங்கள். வெறும் வயிறு வேண்டாம், வறட்டு ரொட்டி ஏதாவது கடியுங்கள்.

மாதவிலக்கைப் பற்றி மேடைகளில் நாம் பேசுவதில்லை. படகில் பேசாமலிருக்க முடியாது. வேண்டியவற்றைக் கணக்குக்கு இரட்டிப்பாக எடுத்து, நீர்புகாத டப்பாவில் வைத்துக்கொள்ளுங்கள். ஈரத்தோடு நெடுநேரம் இருக்கலாகாது. கடையில் வாங்கும் பஞ்சுப் பட்டைகளில் பிளாஸ்டிக் இருப்பதால், பயன்படுத்தியவற்றை மூடியுள்ள தனி டப்பாவில் சேர்த்துக் கரைக்குக் கொண்டுவர வேண்டும். கையாலே இறால் தடவும் பெண்களின் ஏரி அது. வெட்கத்தினால் அவற்றைத் தண்ணீரில் நழுவவிடுவது தகாது.

தண்ணீர் போதிய அளவு குடிக்கிறோமா என்பதை அறிவது எளிது. சிறுநீர் வைக்கோல் நிறத்தில் வெளிறியிருந்தால் போதும். கறுத்து மஞ்சளாயிருந்தால் உடனே குடிக்க வேண்டும். அடக்கி வைப்பதால் வரும் நீர்க்கடுப்பு காய்ச்சலாகி, முதுகு வலியாகி, சிறுநீரகம் வரையில் போகக்கூடும். கரையில் மருத்துவர் இருக்கிறார். நடுக்கடலில் யார் இருக்கிறார்?

அன்று மாலை நாங்கள் கரை சேர்ந்தபோது அந்த மூதாட்டியின் குடம் காலியாயிருந்தது. உப்பு சூழ்ந்த ஊரில் ஒரு குடம் நன்னீர் எளிதில் கிடைப்பதன்று. அதற்கு ஈடாக ஏதேனும் கொடுக்க முற்பட்டேன், வாங்கவில்லை. திரையாகக் கட்டிய சேலையை உதறி மடித்து, "இத வச்சுக்கோ டீச்சரம்மா, இன்னொரு தரம் வந்தா உதவும்" என்று என் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

நீலக்கரை போட்ட நூற்சேலை அது. பயணம் போகும்போதெல்லாம் பெட்டியில் முதலில் அதைத்தான் வைக்கிறேன்.