பேய் நகக் கீறலும் பீங்கான் முனையும்

(விருத்தாசலத்தில் பீங்கான் தொழிலாளர் கூட்டமொன்றில் பேசியதின் சாரம்)



களிமண்ணும் சூளையும் சோறு போடும் இந்த ஊரில் நாம் மோட்டார் யந்திரத்தைப் பற்றிப் பேச வந்தது சிலருக்கு வேடிக்கையாகத் தோன்றலாம். பெட்ரோல் வண்டியில் நெருப்புப் பொறி தரும் பிளக்கில் மின்சாரம் வழிதவறிப் போகாமல் தடுத்து நிற்பது பீங்கான்தானே? ஆகவே இது உங்களுக்கு அந்நியமான சங்கதியல்ல.

இதைப் பேச வேறொரு காரணமும் உண்டு. நமக்குத் தெரிந்த ஒரு சூளையில் மூன்று தடவை சரக்கு வெடித்துப் போயிற்று. முதலாளி பூசணிக்காய் உடைத்தார், எலுமிச்சம்பழம் கட்டினார். ஒன்றும் பலிக்காமற் போகவே, "தீட்டோடு சூளையண்டை வந்தாள்" என்று ஒரு கூலிக்கார அம்மாளை வேலையை விட்டு நிறுத்தினார். அந்த அம்மாள் போன பிறகு நாலாந்தடவையும் வெடித்தது! இது நிற்க.

ஜப்பானில் ஹிரோஷிமா என்றொரு நகரம். 1945 ஆகஸ்டு 6-ல் அணுகுண்டால் வெந்துபோன அதே ஊர்தான். அங்குள்ள டோயோ கோக்யோ என்னும் கம்பெனி, பின்னாளில் மாஸ்டா என்று பெயர் பெற்றது, 1961-ல் ஜெர்மனியின் என்.எஸ்.யூ. கம்பெனியோடு ஒப்பந்தம் செய்து, பெலிக்ஸ் வாங்கெல் என்பவர் கண்ட புதுமாதிரி யந்திரத்தைச் செய்யத் தொடங்கிற்று.

சாதாரண யந்திரத்தில் பிஸ்டன், உரலில் உலக்கை போல மேலும் கீழும் போய்வரும். வாங்கெல் யந்திரத்திலோ, மூன்று மூலையுள்ள ரோட்டார் ஒன்று, ஆட்டுக்கல்லில் குழவி போலச் சுற்றிக்கொண்டேயிருக்கும். மூலைகள் சுவரை விட்டு விலகினால் வாயு கசிந்து சக்தி வீணாகும். அதற்காக ஒவ்வொரு மூலையிலும் சுவரை உரசிக்கொண்டே ஓடும் மெல்லிய பட்டை வைத்திருப்பார்கள்.

கொஞ்ச காலம் ஓடினதும் உட்சுவரில் வரிவரியாகக் கீறல் விழுந்தது. யந்திரம் பாழாயிற்று. அந்தக் கீறலுக்குப் "பேய் நகக் கீறல்" என்றே பெயர் வைத்துவிட்டார்கள்! ஆனால் தோழர்களே, பெயர்தான் பேய், மந்திரவாதியைக் கூப்பிட்டார்களா? வேலைக்காரர் எவரையாவது ராசியில்லாதவர் என்று துரத்தினார்களா? இல்லை. 1963-ல் கெனிச்சி யமமோட்டோ என்பவர் தலைமையில் 47 பொறியாளர்கள் அடங்கிய தனி இலாகா ஏற்படுத்தினார்கள்.

அவர்கள் கண்டதென்ன? சுற்றும் சக்கரத்தில் பச்சைப் பாண்டத்தைச் செதுக்கும்போது கருவி துள்ளினால் அலையலையாகத் தடம் விழுவதை நீங்கள் கண்டிருக்கிறீர்கள். அதேதான்! பட்டை தன் இயற்கையான அதிர்வு வேகத்தில் துள்ளித் துள்ளிச் சுவரைக் கொத்தியிருக்கிறது. பட்டையின் முனையருகே குறுக்கே துளையிட்டு அதிர்வை மாற்றினார்கள், கீறல் நின்றது. பிறகு விற்பனை வண்டிக்காக, கரியில் அலுமினியம் ஊட்டிய பட்டையைச் செய்து, 1000 மணி நேரம் ஓட்டிப் பரீட்சித்தார்கள். எண்ணெய் கசிந்து வெண்புகை கக்கிய மாதிரிகளையும் இவ்விதமே திருத்தினார்கள். முடிவாக 1967 மே 30-ல், இரண்டு ரோட்டார்களும் 982 சி.சி. கொள்ளளவும் 110 குதிரைச் சக்தியும் உள்ள "காஸ்மோ ஸ்போர்ட்" வண்டி விற்பனைக்கு வந்தது.

அதோடு நிற்கவில்லை. 1991 ஜூனில் பிரான்சு தேசத்து லெ மான் நகரில் நடந்த 24 மணி நேரப் பந்தயத்தில், நான்கு ரோட்டார் கொண்ட மாஸ்டா 787பி வண்டி 362 சுற்று ஓடி முதலாவதாக வந்தது. அந்த ரோட்டார்களின் முனையில் சுவரை உரசி ஓடிய பட்டை எதனால் ஆனது தெரியுமா? பீங்கான் இனத்தைச் சேர்ந்த பொருளால்! ஒரு காலத்தில் "பேய்" கீறிய இடத்தில் உங்கள் தொழிலின் உறவுக்காரன் ஓடி ஜெயித்தான்.

நம்மவர்க்கு மூளையில்லை என்பதல்ல. கோவை ஜி.டி. நாயுடு அவர்கள் ஒரு மோட்டார் சைக்கிளைக் கழற்றி மாட்டியே யந்திரம் கற்றவர். நமக்கு வேண்டியது, கெட்டுப்போனதைக் கழற்றிப் பார்க்கும் தைரியம்.

முன் சொன்ன சூளைக்கு வருவோம். அங்கு ஒரு வாலிபர் நோட்டுப் புத்தகம் வைத்து, சரக்கு காய்ந்த நாளையும் தீ ஏறிய நேரத்தையும் குறித்து வந்தார். ஈரம் காயாத சரக்கை அடுக்கி, தீயையும் அவசரமாக ஏற்றியிருக்கிறார்கள். உள்ளே நின்ற ஈரம் ஆவியாகி, வெளியேற வழியின்றிப் பாண்டத்தை உடைத்திருக்கிறது. நன்றாகக் காயவைத்துத் தீயை மெதுவாக ஏற்றினார்கள்; வெடிப்பு நின்றது.

ஆனால் அந்த அம்மாளுக்கு வேலை திரும்பக் கிடைத்ததா? இல்லை. பூசணிக்காயால் போனது சில்லறைக் காசு. "தீட்டு" என்ற ஒரு சொல்லால் போனது ஒரு குடும்பத்தின் கஞ்சி.

ஆகவே தோழர்களே, இனி எந்தச் சூளையிலாவது சரக்கு வெடித்தால், "யாரால்?" என்று கேட்காதீர்கள், "எதனால்?" என்று கேளுங்கள். காரணம் தெரியும்வரை எவர் கூலியிலும் கைவைக்க விடாதீர்கள். இதுவே நாம் உங்களைக் கேட்டுக்கொள்வது.