இறங்கிய பங்கை வைத்திருப்பதா, விற்பதா?

(இளைஞர் மன்ற ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



வேளாண்மை பிழைத்தால் காரணத்தை விதையிலும் நீரிலும் மண்ணிலும் தேடுவது வெருகல் மக்களாகிய நமக்குப் பழக்கம். வாங்கிய பங்கு இறங்கினால் மட்டும் காரணம் தேடாது, “வாங்கின விலை வரட்டும், விற்கலாம்” என்று காத்திருக்கின்றோம். இது பொறுமையன்று; தீர்மானத்தைத் தள்ளிப்போடுதலேயாகும்.

நம் நாட்டிலேயே நல்லதோர் உதாரணம் உண்டு. இன்று டயலொக் ஆக்சியாட்டா எனப்படும் டயலொக் தொலைபேசிக் கம்பெனி, 2005இல் பங்கொன்றை 12 ரூபாவுக்குப் பொதுமக்களுக்கு விற்றது. தொழில்நுட்பத்தின் எதிர்காலம் இதிலேயே என்று பலர் வாங்கினர். விலையும் முதலில் ஏறியது. பின்னர் ஐந்து கம்பெனிகள் ஒரே சந்தையில் மோதின. 2009இல் எயார்டெல் வந்ததும் கட்டணப் போட்டி முற்றியது. டயலொக் 2008இல் நட்டங் கண்டது. 2009இல் நட்டம் ஏறக்குறைய 1,200 கோடி ரூபா. பங்கின் விலை 12 ரூபாவில் பாதிக்கு வந்தது.

அப்பொழுது விற்பதா, வைத்திருப்பதா? விலைப் பட்டியலைப் பார்த்தவனுக்குப் பயமே விடையாயிற்று. ஆண்டறிக்கையைப் படித்தவனோ வேறு சிலவற்றைக் கண்டான். வாடிக்கையாளர் விட்டோடவில்லை, மலேசியத் தாய்க் கம்பெனி கைவிடவில்லை, செலவு குறைக்கப்பட்டு வந்தது. 2010இல் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு ஆகக்குறைந்த கட்டணத்தை விதித்தது. அவ்வாண்டே கம்பெனி 500 கோடியளவில் இலாபங் காட்டியது. அன்று போட்டிக்கு வந்த எயார்டெலின் இலங்கைக் கிளை, 2024இல் டயலொக்குடனேயே இணைந்தது.

ஆகவே வைத்திருந்தவனே வென்றான் என்று முடிவுகட்டிவிடாதீர்கள். கம்பெனி தேறியதே தவிர, பங்கின் விலை மேலும் பல ஆண்டுகள் 12 ரூபாவைச் சுற்றியும் அதற்குக் கீழுமே கிடந்தது. சிறிது பங்கிலாபம் கிடைத்தது, உண்மை. ஆனால் போர் முடிந்த 2009இல் கொழும்பின் அனைத்துப் பங்கு விலைச் சுட்டெண் இரு மடங்குக்கு மேல் உயர்ந்தது. அடுத்த ஆண்டும் ஏறக்குறைய இரு மடங்காயிற்று. 2022 செப்டெம்பரில் பணவீக்கம் 70 சதவீதத்தை எட்டியது. 2005இன் 12 ரூபா வாங்கிய அரிசியை, பின்னாளில் திரும்பிய 12 ரூபா வாங்குமா? போட்ட பணம் வந்தது என்று மகிழ்ந்தவன் உண்மையில் நட்டப்பட்டவனே.

வாங்கிய விலை நம் நினைவில் மட்டுமே இருக்கின்றது. பங்குக்கு அது தெரியாது. நூறு ரூபா இலாபம் தரும் மகிழ்ச்சியிலும் நூறு ரூபா நட்டம் தரும் வலி பெரிதென்று கானெமான், ட்வெர்ஸ்கி என்னும் அறிஞர் இருவர் 1979இல் எழுதினர். அந்த வலிக்கு அஞ்சியே ஏறிய பங்கை அவசரமாக விற்கின்றோம், இறங்கியதைக் கட்டிப்பிடிக்கின்றோம்.

இளைஞர்களே, மூன்று கேள்விகளைக் கடதாசியில் எழுதி விடையும் எழுதுங்கள். ஒன்று: இப்பங்கின் விலை இன்று கையில் பணமாக இருந்தால், இதே பங்கை வாங்குவேனா? இரண்டு: இறங்கியதற்குக் காரணம் கடந்து போவதா, கம்பெனியின் வேரையே அரிப்பதா? மூன்று: நான் வாங்கிய காரணம் இன்னும் உயிரோடு இருக்கின்றதா? முதற் கேள்விக்கு விடை “இல்லை” என்றால் வைத்திருக்க நியாயமில்லை. “ஆம்” என்றால் அயலவன் பேச்சுக்கு அஞ்சி விற்கவும் வேண்டியதில்லை. மனம் இரண்டுபட்டால் பாதியை விற்பதும் தகும்.

ஒன்றில் மட்டும் தயக்கம் வேண்டாம். கணக்கே பொய்யென்று தெரிந்தால் நம்பிக்கைக்கு அங்கே இடமில்லை. ஐதராபாத்துச் சத்தியம் கம்பெனியின் தலைவர் 2009 ஜனவரி 7இல் கணக்கிற் பொய்யெழுதியதை ஒப்புக்கொண்டார். அன்றொரு நாளிலேயே பங்கின் விலை முக்கால்வாசிக்கு மேல் வீழ்ந்தது. அத்தகைய பொய் வெளிப்படும் நாளை எவரும் முன்னறியார். ஆதலின் முழுச் சேமிப்பையும் ஒரே கம்பெனியில் இடுதல் ஆகாது.

பெரியோர்களே, பிள்ளைகள் நட்டத்தை மறைப்பது உங்கள் கோபத்துக்கு அஞ்சியே. கடிந்துகொள்ளாது அவர்களோடிருந்து கணக்கைப் பாருங்கள். இளைஞர்களே, விதைநெல்லை யாரும் குத்தி உண்பதில்லை. விதைப்புக்கும் படிப்புக்கும் வைத்த பணத்தையும், கடன் வாங்கிய பணத்தையும் சந்தைக்குக் கொண்டுபோகாதீர்கள்.