குளிர்காலத்து நீஸ்



பிரான்சின் தென்கரையில், மத்தியதரைக் கடலோரம் இருக்கும் நகரம் நீஸ். இன்று அங்கே கூட்டம் சேர்வது கோடையில். பத்தொன்பதாம் நூற்றாண்டிலோ குளிர்காலமே அதன் பருவம். பனிநாடுகளிலிருந்து செல்வரும் நோயாளரும் இளவெயில் தேடி வந்தனர். கோடையில் ஹோட்டல்கள் பூட்டிக் கிடந்தன. 1920களின் பின்னரே இந்த நிலை தலைகீழாயிற்று.

ஆகவே, உல்லாசப் பிரயாணிகள் ஒதுக்கும் தை மாதத்திலேயே நான் அங்கு போனேன். கூழாங்கற் கரையில் குளிப்பாரில்லை. 'ஆங்கிலேயர் உலாவீதி' எனப்படும் கடலோர வீதியில் முதியவர்கள் வெயில் காய்ந்துகொண்டிருந்தார்கள். அந்த வெயிலை நம்பி வந்தவர்களுள் ஒருவர் அன்ரன் செக்கோவ்.

காசநோயுடன் 1897இல் வந்த அவர், அந்தக் குளிர்காலத்தை ரஷ்யர் தங்கும் ஒரு விடுதியில் கழித்தார். 1900 டிசம்பரில் மீண்டும் வந்து, 'மூன்று சகோதரிகள்' நாடகத்தை இங்கிருந்தே திருத்தி அனுப்பினார். மொஸ்கோவுக்குப் போக ஏங்கியும் போகாத பெண்களின் கதை அது. 1901இல் அது மொஸ்கோவில் மேடையேறியபோது, எழுதியவர் அங்கில்லை.

உயிர் தரிக்க வெயில் வேண்டும். மனமோ பனி பெய்யும் ஊரில். அச்சகோதரிகளின் ஏக்கத்தில் செக்கோவின் ஏக்கமும் கலந்திருக்கிறது என்றே, நீஸைக் கண்டபின், நான் வாசிக்கிறேன்.