நியாயஸ்தலமும் பொதுஜனங்களும்

(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய உபந்நியாசம்)

 

நியாயஸ்தலம் என்றவுடன் நம்மவரிற் பலருக்கு அச்சமே முதலில் உண்டாகின்றது. அங்கே பேசப்படுவது விளங்காமையே அவ்வச்சத்திற்குக் காரணமென்பது நமது துணிபு. விளங்காத இடத்திற் குற்றமற்றவனும் நடுங்குவான். ஆதலின், நீதிமன்றம் பொதுஜனங்களோடு எவ்வாறு பேசுகின்றது, நாம் அதனை எவ்வாறு கேட்டறிதல் வேண்டும் என்பதை இன்று ஆராயப் புகுகின்றோம்.

நீதிபதி பொதுஜனங்களுக்கு விளக்கிச் சொல்லியே தீரவேண்டிய முறையொன்று முன்னர் இருந்தது. அதுவே ஜூரி முறை. 1898-ம் வருஷத்துக் கிரிமினல் விசாரணைச் சட்டப்படி, சர்க்கார் குறித்த ஜில்லாக்களிற் செஷன்ஸ் வழக்குகளுக்கு ஜூரர்கள் அமர்ந்தனர், மற்றவற்றிற்கு அஸெஸர்கள். அஸெஸர் கூறுவது அபிப்பிராயம் மாத்திரமே. ஜட்ஜ் அதற்குக் கட்டுப்பட்டவரல்லர். ஜூரியின் முன்னரோ, ஜட்ஜ் சாட்சியங்களைத் தொகுத்துரைத்து, பொருந்தும் சட்டம் இன்னதென எடுத்துரைத்தல் வேண்டும். அவ்வுரை பிழைபட்டால் அப்பீலில் முடிவே கவிழவுங் கூடும். கேட்போர் சட்டம் பயிலாதவர்; ஆதலால் விளங்கச் சொல்லுதல் தயவன்று, கடமையாயிற்று.

நமது கரைக்கு எதிர்க்கரையாகிய இலங்கையில் 1811-ல் பிரதம நீதிபதி அலெக்ஸாண்டர் ஜான்ஸ்டன் சுதேசிகளுக்கும் ஜூரி முறையை வழங்கினார். ஆதியிற் குற்றஞ்சாட்டப்பட்டவனுடைய ஜாதியாரையே ஜூரர்களாகத் தெரிந்தெடுத்தனர். பிற்காலத்தில் ஜாதி ஒழிந்து, ஆங்கிலம், சிங்களம், தமிழ் என மொழிவாரி ஜூரிகள் ஏற்பட்டன. ஜாதிச் சங்கத்தாராகிய நாம் இதனைச் சிந்தித்தல் நன்று. நீதி கேட்போனுக்கு வேண்டுவது தன் குலத்தார் அல்லர். தன் சொல் விளங்குவோரே.

நமது தேசத்தில் 1973-ம் வருஷத்துச் சட்டம் ஜூரிக்கு இடம் வைக்கவில்லை. ஜூரர் போயினர், விளக்கும் கடமை போய்விடவில்லை. குற்றச்சாட்டைப் படித்து விளக்கிய பின்னரே எதிரியின் பதிலைக் கேட்டல் வேண்டும். அவனுக்கு விளங்காத மொழியிற் சாட்சியம் நிகழின் அதனை மொழிபெயர்த்துச் சொல்லல் வேண்டும். நம் ராஜ்யத்தின் கீழ்க் கோர்ட்டுகளிற் சாட்சியமும் தீர்ப்பும் தமிழில் எழுதப்பட 1976-ம் வருஷத்துத் திருத்தச் சட்டம் வழிசெய்தது.

நம் ஜில்லா 1910-ல் ஏற்பட்டது. ஆயினும் அதன் தலைமையிடமும் ஜில்லாக் கோர்ட்டும் நெடுங்காலம் மதுரையிலேயே இருந்தன. இராமேசுவரத்தார் ஒரு வாய்தாவுக்காக இரயிலேறி மதுரை சேர்தல் வேண்டும். இன்று இராமநாதபுரத்திலேயே ஜில்லாக் கோர்ட் இருக்கின்றது. 2004-ல் ஹைகோர்ட்டின் கிளையும் மதுரைக்கு வந்தது. வழித்தூரம் குறைந்தது, விளங்காமை என்னும் தூரத்தைக் குறைக்க வேண்டியவர் நாமே.

சம்மன் வந்தால் ஒளிந்துகொள்ளும் வழக்கம் நம்மவரிடம் உண்டு. வாங்க மறுத்தால் அமீனா அதனைக் கதவில் ஒட்டிச் செல்வார், வழக்கு நிற்காது. ஆஜராகாதவன்மேல் எக்ஸ்பார்ட்டி தீர்ப்பாகும். வீடும் வலையும் படகும் ஜப்திக்கு உள்ளாகவுங் கூடும். அங்ஙனம் தீர்ப்பானாலும், 30 நாட்களுக்குள் தக்க காரணங் காட்டி அதனை நீக்கும்படி மனுச் செய்யலாம். சம்மன் முறைப்படி சாராதிருந்தால், தீர்ப்பை அறிந்த நாள்முதல் அந்த 30 நாள் எண்ணப்படும். இதனை அறியாமல் நிலம் இழந்த குடும்பங்கள் எத்தனையோ!

வக்கீலுக்குப் பொருளில்லையே என்பீர்கள். 1987-ம் வருஷத்துச் சட்ட உதவிச் சட்டப்படி பெண்களுக்கும் குழந்தைகளுக்கும், அவர்தம் வருமானம் எவ்வளவாயினும், இலவச உதவி உண்டு. காவலில் இருப்போருக்கும் தாழ்த்தப்பட்டோருக்கும் அவ்வாறே. கோர்ட்டை அடுத்த சட்டப்பணிகள் ஆணைக்குழுவிற் கேட்கலாம். 15100 என்னும் எண்ணிலும் பேசலாம்.

ஆகவே அன்பர்களே, விளங்காத காகிதத்திற் கையொப்பமும் கைநாட்டும் இடாதீர்கள். “இதில் என்ன எழுதியிருக்கிறது?” என்று கேட்பதில் இழிவொன்றுமில்லை. எழுத்தறிந்த இளைஞர்கள் அயல்வீட்டாருக்கும், அவர் எச்சாதியினராயினும், வந்த சம்மனைப் படித்துப் பொருள் சொல்லுக. கோர்ட்டின் கதவு யாவர்க்கும் திறந்தே இருக்கின்றது; ஒருநாள் உட்சென்று வழக்கு நடக்கும் முறையைக் கண்டு வருக. கண்டறிந்தவனுக்கு அச்சம் நீங்கும்; அச்சம் நீங்கியவன் தன் நியாயத்தைத் தானே எடுத்துரைப்பான்.