ஜாவாஸ்கிரிப்ட் கருவிகளும் எமது ஆவணங்களும்

(சிட்னியில் இணையத்தளத் தன்னார்வலர்களின் ஒன்றுகூடலில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)





எமது ஆவணத் தளத்தைப் புதிதாக அமைப்பதற்கு எந்தக் கருவியைத் தெரிவு செய்வது என்று ஆராயவே இன்று கூடியிருக்கின்றோம். சிலர் ரியாக்ட் என்கின்றனர். சிலர் வியூ என்கின்றனர். அதற்கு முன்னர் கேட்க வேண்டிய வினா ஒன்று உண்டு. இதனை அமைத்தவர் விலகிச் சென்று பத்து ஆண்டுகள் கழிந்த பின்னரும் இத்தளம் திறக்குமா?

இது பட்டறிவினால் எழுந்த வினா. 2014 ஆம் ஆண்டில், சிட்னியிலும் மெல்பேர்ணிலும் வாழும் எம் தாய்மார் 41 பேரின் வாக்குமூலங்களைத் திரட்டி ஒரு தளத்தில் ஏற்றினோம். அந்நாளில் புதுமையெனக் கருதப்பட்ட ஒரு கட்டமைப்பைத் தெரிவு செய்தவன் நானே. அதனை நன்கறிந்த இளைஞர் பணி நிமித்தம் வேறு நாடு சென்றார். பின்னர் வழங்கியை மாற்ற நேர்ந்தபோது தளத்தை மீண்டும் இயங்கச் செய்ய எம்மால் இயலவில்லை. அது சார்ந்திருந்த பொதிகள் பல கைவிடப்பட்டிருந்தன. தரவுத்தளத்தின் பிரதியும் எவரிடமும் இல்லை.

இணையக் காப்பகத்தில் தேடினோம். அங்கே எமது சின்னமும் ஒரு வெற்றுப் பக்கமுமே இருந்தன. காரணம் எளியது. வழங்கி அனுப்பிய பக்கத்தில் எழுத்து இருக்கவில்லை; உலாவியில் நிரல் ஓடிய பின்னரே எழுத்து வந்து சேரும். காப்பகத்தின் தானியங்கி வெறும் சட்டகத்தையே சேமித்துச் சென்றிருந்தது. தட்டச்சுச் செய்து தந்த அம்மா ஒருவர் பாமினி எழுத்துருவில் தமது கணினியில் வைத்திருந்த கோப்புகளிலிருந்து 33 வாக்குமூலங்கள் மீண்டன. எஞ்சிய எட்டுத் தாய்மாரில் மூவர் இன்று எம்மிடையே இல்லை. அவர்களிடம் மீண்டும் கேட்பதற்கு வழியில்லை.

உறவுகளே, ஜாவாஸ்கிரிப்ட் மொழியை நான் குறை கூறவில்லை. 1995 இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் பத்தே நாட்களில் அதன் முதல் வடிவத்தை ஆக்கினார். அக்கால எளிய நிரல்கள் பல இன்றைய உலாவியிலும் இயங்குகின்றன. 2000களில் பாமினியை ஒருங்குறிக்கு மாற்ற நாம் நாடிய சுரதாவின் பொங்குதமிழ் எழுத்துருமாற்றியை நினைவுகூருங்கள். உலாவியினுள்ளேயே இயங்கிய எளிய நிரல் அது.

மொழி நிலைத்தது, அதன் மேல் எழுந்த கட்டமைப்புகளே மாறிக்கொண்டிருக்கின்றன. 2006 இல் ஜேகுவெரி, 2010 இல் ஆங்குலர் ஜே.எஸ்., 2013 இல் ரியாக்ட், 2014 இல் வியூ எனப் பலவும் வந்தன. ஆங்குலர் ஜே.எஸ்.ஸுக்கான ஆதரவு 2021 டிசெம்பருடன் முடிவுற்றது. வியூ இரண்டாம் பதிப்புக்கு 2023 டிசெம்பருடன் முடிவுற்றது. ரியாக்ட் கற்போரின் தொடக்கக் கருவியாக விளங்கிய கிரியேட் ரியாக்ட் ஆப், 2025 பெப்ரவரியில் ஓய்வுபெற்றதாக அறிவிக்கப்பட்டது. ஊதியம் பெறும் பொறியியலாளர் குழு இம்மாற்றங்களுக்கு ஈடுகொடுக்கும். சனிக்கிழமை மாலைகளில் கூடும் எம்மால் இயலுமா?

பொதிகளைப் பற்றியும் கூற வேண்டும். 2016 மார்ச்சில் லெப்ட்-பாட் என்னும் 11 வரிப் பொதியை அதன் ஆசிரியர் விலக்கிக்கொண்டார். உலகெங்கும் எண்ணற்ற செயற்றிட்டங்கள் தடைப்பட்டன. 2025 செப்டெம்பரில் ஒரு பராமரிப்பாளர் போலி மின்னஞ்சலால் ஏமாற்றப்பட்டு, சோக், டிபக் முதலிய பொதிகளில் தீய நிரல் புகுத்தப்பட்டது. அவை வாரந்தோறும் மொத்தமாக 200 கோடிக்கும் மேற்பட்ட முறை பதிவிறக்கப்படுபவை. சாட்சியம் அளித்தவர்களின் பாதுகாப்பு எம் கையில் உள்ளது. நாம் அறியாத நிரலை எம் தளத்தில் ஓடவிடுவது அவர்களுக்குச் செய்யும் தீங்காகும்.

நற்செய்தியும் உண்டு. முன்னர் பொதிகளை நாடிச் செய்த பலவற்றை இன்று உலாவியே செய்கின்றது. 'தமிழ்' என்ற சொல்லின் நீளத்தைக் கேட்டால் ஜாவாஸ்கிரிப்ட் ஐந்து என்னும். நாமோ மூன்றெழுத்து என்போம். இன்டல் செக்மென்டர் என்னும் வசதி அதனை மூன்றென எண்ணும். 2024 முதல் முதன்மை உலாவிகள் அனைத்திலும் அது உண்டு. அவ்வாறே சாதாரண வரிசைப்படுத்தலில் னகரம் பகரத்துக்கு முன்னே வந்துவிடும், ஒருங்குறி அட்டவணையில் அவ்வாறு அமைந்திருப்பதால். இன்டல் கொலேட்டர் அதனைத் தமிழ் நெடுங்கணக்கின்படி இறுதியில் வைக்கும். பெயர்ப் பட்டியல்களை முறையாக அடுக்க வேறு பொதி தேவையில்லை.

இன்னுமொன்று. பார்வையற்றவரான புரூஸ் மகுவயர், சிட்னி ஒலிம்பிக் இணையத்தளத்தைத் தம்மால் பயன்படுத்த இயலவில்லையென முறையிட்டார். 2000 ஆம் ஆண்டில் அவுஸ்திரேலிய மனித உரிமைகள் மற்றும் சம வாய்ப்பு ஆணைக்குழு அவர் பக்கம் தீர்ப்பளித்தது; ஏற்பாட்டுக் குழு 20,000 டொலர் இழப்பீடு செலுத்தப் பணிக்கப்பட்டது. எல்லோர்க்கும் திறவாத பக்கம் நீதியான பக்கம் ஆகாது என்பதை இந்நகரமே எமக்குக் கற்பித்தது. தாயகத்தில் பழைய கைப்பேசியில் மெதுவான இணைப்பில் படிக்கும் உறவும் எம் வாசகரே.

ஆகவே மூன்று வேண்டுகோள்கள்.

முதலாவது, எழுத்து வழங்கியிலிருந்தே எச்.ரி.எம்.எல். ஆக வர வேண்டும். ஜாவாஸ்கிரிப்டை நிறுத்திவிட்டுப் பாருங்கள். வாக்குமூலம் தெரிய வேண்டும். அஸ்ட்ரோ, இலெவன்ரி போன்ற கருவிகள் பக்கங்களை முன்கூட்டியே கோப்புகளாக ஆக்கித் தருகின்றன. ரியாக்டையும் வியூவையும்கூட அவ்வாறு பயன்படுத்தலாம்.

இரண்டாவது, ஒரு பொதியைச் சேர்க்குமுன் அது இன்றியமையாததா என இருவர் ஆராய வேண்டும். அதன் பதிப்பெண்ணை உறுதிப்படுத்தி, பிரதியொன்றையும் எம்மிடம் வைத்திருக்க வேண்டும்.

மூன்றாவது, மாதந்தோறும் அனைத்து ஆவணங்களும் ஒருங்குறியில் எளிய எழுத்துக் கோப்புகளாகச் சிட்னியில் ஒருவரிடமும் மெல்பேர்ணில் ஒருவரிடமும் வேறொரு நாட்டில் ஒருவரிடமும் சேர வேண்டும்.

1981 இல் யாழ் நூலகம் எரியூட்டப்பட்டது. 2005 முதல் நூலகம் இணையத்தளம் ஈழத்து நூல்களை மின்வடிவில் சேர்த்து வருகின்றது. அன்று பிறர் வைத்த தீயால் இழந்தோம். எமது 8 வாக்குமூலங்களை எவரும் எரிக்கவில்லை. என் தெரிவும் எம் கவனக்குறைவுமே அவற்றை அழித்தன. அத்தவறு மீண்டும் நேராதிருக்கட்டும்.