இருவர் காத்த மரக்கலம்

(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



புலமை மிக்கவர்கள் பேசும் இந்த மேடையில், பத்தாம் வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்டு ரயில்வே அலுவலகத்தில் எழுத்தராகப் பணிபுரியும் எனக்கும் கால் மணி நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள். இலக்கியமும் ஆன்மிகமும் பேசி மகிழ்ந்த சபையில் நான் எடுத்துக்கொண்ட பொருள் சற்று வேறானது. ஒரு கணவனும் மனைவியும் சிறியதொரு பாய்மரப் படகையே இல்லமாகக் கொண்டு உலகத்தைச் சுற்றி வந்த வரலாறு அது. கடலைக் காண்பதற்கே ஓர் இரவும் ஒரு பகலும் ரயிலில் செல்ல வேண்டிய இந்தக் காலனியில் அது எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். கேட்டு முடித்தபின் அதற்கு நீங்களே விடை காண்பீர்கள் என்று நம்புகிறேன்.

கணவர் பெயர் லாரி பார்டி. கனடா நாட்டில் 1939-ஆம் ஆண்டு பிறந்தவர். மனைவியின் பெயர் லின். அமெரிக்காவில் 1944-ஆம் ஆண்டு பிறந்தவர். உயரம் ஐந்தடிக்கும் குறைவான சிறிய உருவம். 1965-இல் கலிபோர்னியாவில் இருவரும் சந்தித்தபோது, தம் கையாலேயே ஒரு படகு கட்டி அதில் கடல் கடந்து செல்ல வேண்டும் என்னும் எண்ணத்தோடு லாரி இருந்தார். லின் அந்த எண்ணத்தில் பங்காளியானார். லைல் ஹெஸ் என்னும் வடிவமைப்பாளர் வரைந்த படத்தைக் கொண்டு இருவரும் மூன்று ஆண்டுகளுக்கு மேல் உழைத்தார்கள். 1968-இல் 'செராஃபின்' என்னும் மரப்படகு நீரில் இறங்கியது.

அதன் நீளம் 24 அடி 4 அங்குலம். அகலம் ஏறக்குறைய 9 அடி. நம் பயணிகள் பெட்டி ஒன்றின் நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள்தான் சமையல், படுக்கை, பாய்கள், கயிறுகள், தச்சுக் கருவிகள், மாதக்கணக்கில் வேண்டிய உணவு, குடிநீர் யாவும் அடங்கவேண்டும். அதில் இயந்திரம் கிடையாது. காற்று இல்லாத வேளையில் துறைமுகத்துக்குள் நுழைய வேண்டுமானால், பின்புறத்தில் நீண்ட துடுப்பு ஒன்றை அசைத்தே படகைச் செலுத்தினார்கள். மின்விளக்கு கிடையாது, மண்ணெண்ணெய் விளக்குத்தான். நடுக்கடலில் தாம் இருக்கும் இடத்தைச் சூரியனையும் விண்மீன்களையும் செக்ஸ்டன்ட் கருவியால் அளந்தே அறிந்தார்கள்.

இந்தப் படகில் 1969-இல் புறப்பட்டவர்கள் பதினொரு ஆண்டுகள் பயணம் செய்தார்கள். மெக்சிகோ, பனாமா, அட்லாண்டிக் கடல், இங்கிலாந்து, மத்தியதரைக் கடல் என்று சென்று, செங்கடல் வழியாக நம் இந்துமாக்கடலுக்குள் வந்து, இலங்கையைத் தொட்டு, ஜப்பான் வரை போய், பசிபிக் பெருங்கடலைக் கடந்து கனடா சேர்ந்தார்கள். பின்னர்ச் சற்றே பெரிதாக, 29 அடி 6 அங்குல நீளத்தில், 'டலீசின்' என்னும் தேக்குமரப் படகைத் தாமே கட்டி 1983-இல் நீரில் இறக்கினார்கள். அதற்கும் இயந்திரம் இல்லை. 2002-இல் தென் அமெரிக்காவின் கோடியிலுள்ள ஹார்ன் முனையைக் கிழக்கிலிருந்து மேற்காக, எதிர்க்காற்றில் சுற்றி வந்தார்கள். அப்போது லாரிக்கு வயது அறுபதைக் கடந்திருந்தது.

நிற்க. கடற்பயணம் என்றவுடன் நம் கற்பனை நீல வானத்தையும் வெண்ணிறப் பாயையுமே காணும். உண்மையில் அந்த வாழ்க்கையின் பெரும்பகுதி பழுது பார்ப்பதிலேயே கழிகிறது. கடல் படகைச் சுமக்கிறது. அதே வேளையில் ஓயாமல் தின்றுகொண்டும் இருக்கிறது. பாய்த்துணி கெடுவதற்கு முன்பே அதன் தையல் நூல் வெயிலில் இற்றுப்போகும். ஓயாது ஆடும் படகில் ஒரு கயிறு ஒரே இடத்தில் உரசினால், சில நாட்களில் புரி புரியாக அறுந்துவிடும். உப்புக்காற்று உலோகத்தை அரிக்கும். படகின் அடியில் பாசியும் கொட்டலசும் ஒட்டிக்கொண்டு வேகத்தைக் குறைக்கும். எல்லாவற்றிலும் கொடியது கப்பற்புழு. வெளியே ஊசித் துளை போன்ற வழியைக் காட்டிவிட்டு உள்ளே பலகையைச் சல்லடையாக்கிவிடும்.

இதற்கெல்லாம் மருந்து கைவேலைதான். கடல்நீர் ஏறும் வேளையில் படகை ஒரு சுவரோரமாகக் கட்டி நிறுத்துவார்கள். நீர் வற்றியதும் படகு தரையில் நிற்கும். மறுபடி நீர் ஏறுவதற்கு முன் கிடைக்கும் சில மணி நேரத்தில் அடிப்பக்கம் முழுவதையும் சுரண்டித் தேய்த்து, புழுவைத் தடுக்கும் செம்பு கலந்த வர்ணத்தைப் பூசி முடிக்க வேண்டும். கடல் யாருக்காகவும் காத்திராது. பலகைகளின் இடைவெளியில் பஞ்சுத்திரியைச் செருகி அடித்து நீர் புகாமல் அடைக்க வேண்டும். நம் கடற்கரை ஊர்களில் இதைக் கலப்பற்று என்பார்கள். வெளியே தெரியும் மரத்துக்கு வார்னிஷ், பாய்க்கு ஊசியும் நூலும், கயிற்றுக்கு உறை என்று வேலைக்கு முடிவே இல்லை.

இயந்திரம் வேண்டாம் என்று அவர்கள் முடிவு செய்ததன் காரணமும் இதில் அடங்கியிருக்கிறது. நடுக்கடலில் தம் கையால் பழுது பார்க்க முடியாத பொருளை நம்பி உயிரை ஒப்படைக்கலாகாது என்பது அவர்கள் கொள்கை. படகு சிறியதாக இருந்தால் பாயும் சிறியது, செலவும் சிறியது, பராமரிப்பும் இருவர் கைக்குள் அடங்கும். பணம் குறைந்தபோது ஒரு துறைமுகத்தில் தங்கி, பிறர் படகுகளைப் பழுது பார்த்தும், அவற்றைச் சொந்தக்காரர் கேட்ட ஊருக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தும், கட்டுரைகளும் நூல்களும் எழுதியும் பொருள் ஈட்டினார்கள். பெருஞ்செல்வர்களின் உல்லாசப் பயணம் அன்று அது, உழைப்பாளிகளின் குடித்தனம்.

ரயில்வேக் குடும்பங்களுக்கு இதை விளக்கிச் சொல்லவும் வேண்டுமோ? நம் கீமேன் நாள்தோறும் தம் எல்லைக்குட்பட்ட தண்டவாளத்தை அடியடியாக நடந்து பார்க்கிறார். அவர் பார்த்துவிட்டார் என்னும் உறுதியில்தான் ஆயிரக்கணக்கானவர் இரவில் கண்ணயர்கிறார்கள்.

தாய்மார்கள் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்றுண்டு. ஜப்பானிலிருந்து கனடாவுக்குச் சென்ற 49 நாள் பயணத்தில், ஒவ்வொரு நாளும் என்ன சமைத்தோம், எந்தக் காய் எத்தனை நாள் கெடாமல் இருந்தது என்பதை லின் குறித்து வைத்தார். அக்குறிப்புகள் பின்னர் ஒரு நூலாகவே வெளிவந்தன. பாயையும் கயிற்றையும் காப்பது போலவே, உடன் பயணம் செய்பவரின் உடலையும் மனத்தையும் காப்பதும் படகின் பராமரிப்பே என்பது அந்த அம்மையாரின் கருத்து. ஆயினும் அவர் அடுப்பங்கரையோடு நின்றவர் அல்லர். நடுக்கடலில் இரவு முழுவதும் ஒருவர் விழித்திருக்க வேண்டும். மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை காவல் மாறுவார்கள். லாரி உறங்கும் மூன்று மணி நேரமும் படகு முழுவதும் லின்னின் பொறுப்பு. காற்று மாறினால் பாயைச் சுருக்குவதும், கப்பல் எதிர்ப்பட்டால் வழி விலகுவதும் அவர் முடிவு. மற்றவருக்கு வேலை தெரியும் என்ற நம்பிக்கை இல்லாவிட்டால் அந்தப் படகில் எவர்க்கும் உறக்கம் வராது.

புயல் வந்தபோதும் அவர்கள் கையாண்ட முறை நிதானமானது. பெரிய பாய்களை இறக்கிவிட்டுச் சிறிய புயற்பாய் ஒன்றை மட்டும் ஏற்றுவார்கள். விரித்த குடை போன்ற துணி நங்கூரம் ஒன்றை நீரில் விட்டு, படகின் முகம் காற்றுக்குச் சற்றுச் சாய்வாக இருக்குமாறு நிறுத்திவிடுவார்கள். படகு மெல்லப் பக்கவாட்டில் நகரும். அது நகர்ந்த தடத்தில் சுழலும் நீர், பாய்ந்து வரும் அலையின் சீற்றத்தைத் தணித்துவிடும். காற்று ஓயும்வரை பொறுத்திருந்து பின்னர் வழியைத் தொடர்வார்கள்.

அன்பர்களே! இனி நம் காலனிக்கு வருகிறேன். அலுவலகத்தில் என் மேசைக்கு வருவன பெரும்பாலும் ஓய்வூதியக் காகிதங்கள். பணியில் இருக்கும்போதே கணவரை இழந்த சகோதரிகள் பலர் கண்ணீரோடு என் எதிரே வந்து அமர்ந்திருக்கிறார்கள். சேமநல நிதிக்கு யார் பெயரில் வாரிசு நியமனம் செய்திருக்கிறது, வங்கிக் கணக்கு எந்தக் கிளையில் இருக்கிறது, ஊரில் வாங்கிய மனையின் பத்திரம் யாரிடம் இருக்கிறது என்று கேட்டால், "அதெல்லாம் அவருக்குத்தான் தெரியும்" என்பதே விடை. இருபது, இருபத்தைந்து ஆண்டுகள் ஒரே படகில் வந்தவர்கள். ஆயினும் சுக்கானைத் தொட்டுப் பார்த்ததில்லை. மனைவி ஊருக்குப் போய்விட்டால் அரிசி எந்த டப்பாவில் இருக்கிறது என்று அறியாத கணவர்களும், பிள்ளை எந்த வகுப்பில் எந்தப் பிரிவில் படிக்கிறான் என்று சொல்லத் தெரியாத தந்தையரும் இந்தப் பந்தலிலேயே இருக்கக்கூடும். சொந்த ஊரில் இருப்பவர்க்கு அண்ணன் தம்பி, மாமன் மைத்துனர் என்று கைகொடுக்க ஆளுண்டு. மொழி வேறான ஊரில், மாற்றல் உத்தரவு வந்தால் காலி செய்ய வேண்டிய குவார்ட்டர்ஸில் வாழும் நாம் நடுக்கடலில் இருப்பவர்களே அல்லவா?

லாரியை முதுமையில் பார்க்கின்சன் நோய் பற்றியது. சுத்தியலும் உளியும் பிடித்த அந்தக் கைகள் தளர்ந்தன. 2020-ஆம் ஆண்டு ஜூலையில் அவர் காலமானார். அதன்பின்னும் லின் கடலை விட்டுவிடவில்லை. பயணமும் செய்தார், எழுதவும் செய்தார். துணையை இழந்த துயரம் அவர்க்கும் எல்லாரையும் போன்றதே. ஆனால் படகைச் செலுத்தத் தெரியாத துயரம் அவர்க்கு இல்லை.

ஆகவே இச்சங்கத்தின் முன் ஒரு வேண்டுகோளை வைத்து அமைகிறேன். மாதத்தில் ஒரு ஞாயிறு மாலை, கணவன் மனைவி இருவரும் தத்தம் வீட்டுக் காகிதங்களோடு நம் சங்கக் கட்டடத்தில் கூடுவோம். நியமனப் படிவம், வங்கிக் கணக்கு, காப்பீடு, மருத்துவ அட்டை ஆகியவற்றை இருவரும் சேர்ந்து பார்த்து ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைப்போம். படிவம் நிரப்பத் தெரிந்த நாங்கள் சிலர் உடனிருந்து உதவுவோம். அதே மாலையில் தேநீரும் சிற்றுண்டியும் ஆடவர்களே செய்து பரிமாறட்டும்! பத்து வீடுகள் முன்வந்தால் போதும். மற்ற வீடுகள் தாமே தொடரும்.



வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!