வீட்டின் பேஸ்மட்டமும் மூன்று விதமான நீரும்

(தூத்துக்குடிக் கடற்கரைக் கிராமவாசிகளின் கூட்டமொன்றில் செய்யப்பட்ட பிரசங்கம்)



ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வடகிழக்குப் பருவமழை பொழியுங்கால் கூரையைப் பற்றிக் கவலைப்படாதார் நம்மில் எவருமில்லை. கூரை ஒழுகுமாயின் அன்றிரவே தெரிந்துவிடும். மறுநாட் காலையில் ஏணி வைத்து ஏறிவிடுவோம். வீட்டின் அடிப்பாகம் கெடுவதோ அத்தன்மையதன்று. அது ஓசையின்றி ஆண்டுக்கணக்காக நடைபெறும். சுவரில் வெடிப்புக் காணும்போது பாதி வீடு போய்விட்டது என்றே கொள்ள வேண்டும். ஆகவே இன்று அந்த அடிப்பாகத்தைப் பற்றியே தங்களிடம் சில வார்த்தைகள் பேச விரும்புகிறேன்.

குளிர் தேசங்களில் வீட்டின்கீழ் நிலவறை தோண்டி, அதிற் பண்டங்களை வைப்பது வழக்கம். ஊற்று மிக அருகிலுள்ள நம் கரைக்கு அது ஒவ்வாது. தெருவின் மட்டத்திற்கும் வீட்டினுள் தளத்திற்கும் இடையே கட்டப்படும் மேடையே நமக்கு வீட்டின் அடிப்பாகம். கோயிற் கட்டடத்தில் இதனை அதிட்டானம் என்பர். நம் கொத்தனார்கள் பேஸ்மட்டம் என்கிறார்கள். யாவரும் அறிந்த சொல்லாகையால் யானும் அதனையே வழங்குகிறேன்.

2023-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 17, 18 தேதிகளை இப்பக்கத்தில் எவரும் மறந்திருக்க முடியாது. 18-ஆம் தேதி காலையோடு முடிந்த இருபத்துநான்கு மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் சுமார் 95 செ.மீ., திருச்செந்தூரில் 69 செ.மீ., ஸ்ரீவைகுண்டத்தில் 62 செ.மீ. மழை பெய்தது. நம் ஜில்லாவில் ஓராண்டு முழுவதும் பெய்யும் மழையே சராசரி 65 செ.மீ. அளவுதான். தாமிரபரணி கரை கடந்தது. கோரம்பள்ளம் குளம் உடைந்தது. பட்டணத்தின் தாழ்ந்த தெருக்களில் பல நாட்கள் ஜலம் வடியாது நின்றது. மண்சுவர் வீடுகள் பல இடிந்து வீழ்ந்தன. இடியாது நின்ற வீடுகளோ, ஜலம் வடிந்த பின்னரும் உள்ளுக்குள்ளே கெடத் தொடங்கின. இரண்டாவதாகச் சொன்ன இக்கேட்டை நாம் போதிய அளவு கவனிக்கவில்லை.

வீட்டின் அடியைக் கெடுக்கும் நீர் மூன்று விதமானது. மேலிருந்து விழும் மழைநீர் ஒன்று; பக்கத்திலிருந்து வரும் தெருவெள்ளம் இரண்டாவது; கீழிருந்து ஏறும் உவர்நீர் மூன்றாவது. மூன்றுக்கும் பரிகாரம் வெவ்வேறு. ஆனால் நாம் செய்வதென்ன? "அண்ணாச்சி, கீழே நாலடிக்குச் சிமிண்டைக் கனமாய்ப் பூசிவிடுவோம், எல்லாம் சரியாய்ப் போகும்" என்று கொத்தனார் சொல்ல, நாமும் தலையசைத்து விடுகிறோம். ஒரே மருந்தை மூன்று நோய்க்கும் கொடுப்பதனால் பணமும் போகிறது, சுவரும் போகிறது.

முதலாவது, மேலிருந்து விழும் நீர். இறவாரத்திலிருந்து விழும் ஜலம் சுவரோரத்து மண்ணை அரித்துப் பள்ளமாக்கி, கடைக்காலுக்குள் இறங்குகிறது. இதற்குப் பரிகாரம் எளிது. இறவாரம் சுவரைவிட்டு இரண்டடியேனும் நீண்டிருக்க வேண்டும். மொட்டைமாடியாயின், குழாய் வழி வரும் ஜலத்தைச் சுவரடியில் விடாமல் ஓடைக்கோ மழைநீர்த் தொட்டிக்கோ கொண்டுபோக வேண்டும். வீட்டைச் சுற்றி இரண்டரை அல்லது மூன்றடி அகலத்திற்குச் செங்கல்லாலோ காங்கிரீட்டாலோ தளமிட்டு, அடிக்கு அரை அங்குலம் வீதம் வெளிப்புறமாகச் சரிவு கொடுத்தல் நலம். நம் பெரியோர் கட்டிய திண்ணை, விருந்தினர் இருப்பதற்கு மட்டுமன்று, சுவரின் பாதத்தைக் காப்பதற்கும் உதவியது.

இரண்டாவது, தெருவெள்ளம். புதிதாய் வீடு கட்டுவோர், சுற்றியுள்ள நிலத்திற்கு மேல் ஒன்றரை அடியேனும் பேஸ்மட்டம் எழுப்ப வேண்டுமென்பது பொதுவான கட்டட விதி. நம் பக்கத்தில் அவ்விதியை மட்டும் நம்புதல் போதாது. 2023-இல் ஜலம் எம்மட்டம் ஏறிற்று என்பதை அண்டை வீட்டுச் சுவரிற் பார்த்தோ, ஊர்ப் பெரியவரைக் கேட்டோ அறிந்து, இயலுமாயின் அதற்கு மேல் தளம் அமையுமாறு செய்தல் வேண்டும். பேஸ்மட்டத்தினுள் நிரப்பும் மண்ணை அரையடிக்கு ஒருதரம் நீர்விட்டு இடித்து இறுகச் செய்க. உப்பளத்துக் களியும் கடல் மணலும் இதற்கு உதவா. அவை உப்பை வீட்டினுள்ளேயே குடிவைப்பது போலாகும்.

மூன்றாவதான உவர்நீரே மிகவும் கொடியது. ஏனெனில் அது கண்ணுக்குத் தெரியாது. விளக்குத் திரி எண்ணெயை மேலே இழுப்பதுபோலச் செங்கல்லும் சாந்தும் நிலத்து ஈரத்தை மேலே இழுக்கின்றன. உப்பு விளையும் இப்பூமியில் அவ்வீரத்தோடு உப்பும் ஏறுகிறது. வெயிற் காலத்தில் ஈரம் காற்றிற் போய்விடும்; உப்புப் போகாது. அது சுவரின் நுண்துளைகளிற் படிகமாகிப் பெருத்து, பூச்சைத் தள்ளிச் செங்கல்லை மாவாக உதிர்க்கிறது. சுவர் பொரிகிறது என்று நாம் சொல்வது இதனையே. அதன்மேல் கனத்த சிமிண்டுப் பூச்சைப் பூசினால் ஈரம் வெளிவர வழியின்றி இன்னும் மேலே ஏறும். சென்ற ஆண்டு இரண்டடியிற் பொரிந்த சுவர் இவ்வாண்டு நான்கடியிற் பொரிவதன் காரணம் அதுவே.

இதற்குத் தக்க பரிகாரம் கட்டும்போதே செய்யத்தக்கது. பேஸ்மட்டத்தின் தலையில், சுவரின் முழு அகலத்திற்கும், இடையறாமல் ஓர் ஈரத்தடுப்பு வரிசை இட வேண்டும். சிமிண்டு ஒரு பங்கு, மணல் இரண்டு பங்கு, சிறு ஜல்லி நான்கு பங்கு சேர்த்து, நீர்புகாமைக்கான பொடியும் கலந்து, ஒன்றரை அங்குலக் கனத்திற்கு இட்டு, உலர்ந்தபின் அதன்மேல் காய்ச்சிய தாரைத் தடவுதல் வழக்கம். கலவைக்கு நல்ல ஜலமே வேண்டும். வாயில் விட்டால் கரிக்கும் கிணற்று நீரையும் கழுவாத கடல் மணலையும் சேர்த்தால், உள்ளேயிருக்கும் கம்பி துருப்பிடித்துப் பெருத்துக் காங்கிரீட்டையே பிளந்துவிடும்.

முன்னரே கட்டிய வீட்டார் மனந்தளர வேண்டுவதில்லை. பொரிந்த பூச்சை, ஈரம் ஏறிய இடத்திற்கு மேலும் ஓரடி வரையில் செதுக்கி எடுத்துவிட்டு, சுவர் உலரக் காத்திருங்கள். வெளிப்படும் உப்பை உலர்ந்த தூரிகையால் துடைத்து அப்புறப்படுத்துங்கள்; ஜலம் விட்டுக் கழுவினால் உப்பு மறுபடியும் உள்ளே போகும். பின்னர் சுண்ணாம்புச் சாந்து பூசுங்கள். சுண்ணாம்பு ஈரத்தை வெளியே விடும்; உப்பைத் தான் ஏற்றுக்கொண்டு சுவரைக் காக்கும். சில ஆண்டுகளுக்கொருமுறை அப்பூச்சை மாற்ற நேரிடலாம். பூச்சு அழிந்து சுவர் நிற்பது இலாபமே. தூத்துக்குடி, காயல்பட்டினம், மணப்பாடு முதலிய ஊர்களில் முருகைக்கல்லாற் கட்டிய பழைய வீடுகள் இச்சுண்ணாம்புப் பூச்சினாலேயே நெடுங்காலம் நின்றன.

ஆயினும் முருகைக்கல்லை இன்று தேடிச் செல்லலாகாது. 2001 முதல் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வந்துள்ளன. மன்னார் வளைகுடாவின் பவளத்திட்டுக்களே அலையின் வேகத்தை நமக்கு முன்னே தாங்குவன. கல்லெடுத்ததனால் நேர்ந்ததை, கடலுள் மறைந்த விலாங்குச்சல்லித் தீவும் கரைந்து சிறுத்த வான் தீவும் காட்டுகின்றன. கடலிலுள்ள மேடையைப் பெயர்த்து வீட்டிற்கு மேடை கட்டுதல் விவேகமாகாது.

வெள்ளம் புகுந்த பின் செய்ய வேண்டியவற்றில் இரண்டைச் சொல்லுகிறேன். மின்சார இணைப்பைத் துண்டிக்காமல் ஜலத்திற் காலை வைக்க வேண்டாம். தரையினுள் புதைந்துள்ள குடிநீர்த் தொட்டியை, சுற்றிலும் நிலம் ஊறி நிற்கும்போது அவசரப்பட்டு முழுவதும் காலி செய்ய வேண்டாம். வெளிநீர் அதனை ஓடம்போல் மேலே தள்ளிப் பிளந்துவிடக்கூடும். நிலத்து நீர் தணிந்த பின்னர் இறைத்துத் தேய்த்துக் கழுவி, பிளீச்சிங் பொடியிட்டுச் சுத்தம் செய்த பின்பே உபயோகிக்கலாம். பட்டணங்களில் நிலவறைக் கடைகள் பெருகி வருவதால் இன்னொன்றும் சொல்ல வேண்டியிருக்கிறது. 2024 ஜூலை மாதம் டில்லியில் ஒரு பயிற்சிப் பள்ளியின் நிலவறையில் மழைவெள்ளம் புகுந்து மாணவர் மூவர் மாண்டனர். ஜலம் இறங்கும் அறையில் பொருளை எடுக்கவும் இறங்காதீர்கள்.

கடைசியாக ஒரு விஷயம். ஓர் உப்பளத் தொழிலாளி பல ஆண்டுச் சேமிப்பைக் கொண்டு இரண்டடி பேஸ்மட்டம் வைத்து வீடு கட்டினார் என்று கொள்வோம். தெருவில் சாலைமேற் சாலையாகப் போடப்பட்டு மட்டம் ஏறிக்கொண்டே வருகிறது. சில ஆண்டுகளில் தெரு உயர்ந்து வீடு தாழ்கிறது. ஈரத்தடுப்பு வரிசையும் மண்ணுக்குள் மறைகிறது. அவர் செய்த செலவெல்லாம் வீணாகிறது. வசதியுள்ள அண்டை வீட்டார் தம் மனையை உயர்த்தினால், அந்த ஜலமும் இவர் வாசலுக்கே வருகிறது. பழைய மேற்பரப்பைச் சுரண்டி எடுத்த பின்னரே புதுச் சாலை போட வேண்டுமென்று தமிழ்நாட்டு அரசு 2021-இல் உத்தரவிட்டது. அதனை எடுத்துக்காட்டிக் கேட்பது நம் உரிமை. ஓடையிற் குப்பை கொட்டாதிருப்பது நம் கடமை. பக்கிள் ஓடை முதலாய வடிகால்கள் அடைபட்டிருந்தால், கடல் ஏற்றமும் சேர்ந்துகொள்ளும்போது ஜலம் போக வழியேது? தெருவின் ஓடை திறந்திருந்தாலன்றி எவர் வீட்டுப் பேஸ்மட்டமும் நெடுநாள் நில்லாது.

ஆதலால் ஒவ்வோராண்டும் புரட்டாசி முடியுமுன் ஒரு நாளை ஒதுக்குங்கள். காலையில் ஒவ்வொருவரும் தத்தம் வீட்டைச் சுற்றிவந்து, சுவரடிப் பள்ளத்தை நிரப்பி, வெடிப்பை அடைத்து, குழாயின் வாயைச் சுத்தம் செய்யுங்கள். மாலையில் தெருவார் அனைவரும் கூடி ஓடையைப் பார்வையிட்டு, தூர் எடுக்க வேண்டிய இடத்தைக் குறித்துப் பஞ்சாயத்திற்கோ மாநகராட்சிக்கோ எழுத்துமூலம் தெரிவியுங்கள். இதற்குப் பெரும் பணம் வேண்டுவதில்லை. மழைக்கு முன்னே செய்ய வேண்டுமென்ற ஞாபகமே வேண்டும்.